செகண்ட்ஸ் செருப்பு

"மேடம், உங்க செருப்பு எங்க வூட்டாண்ட நிக்குது."

"கோயிலாண்டதான வுட்டேன் மாஸ்டர்?"

"இந்த வாட்டி படியே ஏறிடுச்சு."

"அதுக்குத் திமிரு ஜாஸ்தி."

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் லைனைக் கவனிக்கும் தீபலட்சுமியும் அங்கேயே தோல் வெட்டும் சாமுவேலும் இப்படிப் பேசிக்கொண்டது நாலு வருஷத்துக்கு முன்பு. வெளிநாட்டுக்காரர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்பிய எண்ணூறு ஜோடி ‘செகண்ட்ஸ்’ செருப்பை வியாபாரி தவ்ஃபீக் பஜாரில் கூவி விற்ற வருஷம் அது. கோயில், மசூதி, சர்ச் எதுவானாலும் வாசலில் கழற்றிவிட்டால், போட்டிருந்தவரின் மனசு இருக்கும் இடத்துக்கு அந்தச் செருப்பு நடந்து போய்விடும். முதல் வாரம் இருபத்திரண்டு ஜோடி பிரியாணிக் கடையிலும் ஒன்பது ஜோடி ரியல் எஸ்டேட் ஆபீசிலும் கிடைத்தன. திருப்பிக் கொடுக்க வந்தவர்களிடம் தவ்ஃபீக், "குறை செருப்புல இல்லீங்க" என்றார். மூன்று மதத்துப் பெரியவர்களும் மசூதியில் கூடி இதற்குத் தடை போட உட்கார்ந்தார்கள். எழுந்து வெளியே வந்தபோது அவர்களுடைய செருப்பும் பிரியாணிக் கடையில் நின்றதால் தடை கைவிடப்பட்டது. பிறகு வெறுங்காலோடு சாமி கும்பிட வருபவரைத்தான் ஊர் சந்தேகமாகப் பார்த்தது. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளைக்கு முதலில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார்கள்.

தீபலட்சுமி வெள்ளிதோறும் அம்மனிடம் பிரமோஷன் கேட்பாள். செருப்பு ரயில்வே கேட்டைத் தாண்டி, மனைவியை இழந்து தனியாக இருந்த சாமுவேலின் வீட்டுக்குப் போகும். அவர் அதைத் துடைத்து எடுத்துவந்து கோயில் படியில் நேராக வைத்துவிட்டுப் போவார். அவரிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. ஆனால் அவரும் அதே செருப்புதான் போட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அது ஒரு நாளும் அவள் வீட்டுக்கு வந்ததில்லை. கர்த்தரோடு போட்டி போட முடியுமா என்று வாயை மூடிக்கொண்டாள். பிரமோஷன் இரண்டு முறை வந்தது.

போன ஆடி வெள்ளியன்று, அவர் செருப்பைக் கோயில் படியில் வைத்தபோது, பொறுக்காமல் கேட்டே விட்டாள்.

"உங்க செருப்பு சர்ச்ச வுட்டு நகரவே நகராதா மாஸ்டர்?"

"யாரு சொன்னது? ஞாயித்துக்கிழமையானா இதே படிலதான் வந்து நிக்குது. பூக்காரம்மா என்னைக் கிண்டல் பண்ணியே பேஜார் பண்ணுது."

"ஞாயித்துக்கிழமை நான் இங்க வர்றதே இல்லையே."

"அது அதுக்குத் தெரியல, மேடம்."

தீபலட்சுமி செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. மாஸ்டர் என்றும் சொல்லவில்லை.

"சாமுவேல், இனிமே ரெண்டு ஜோடியையும் ஒரே வாசல்ல வுடலாமா?"