உள்மூடிக்குள் ஒரு குளம்

பொம்மிடி ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்த சவரிக்கு அப்பா இன்னாசி விட்டுப்போனது ஒரு தங்கப் பாக்கெட் கடிகாரம். இன்னாசி ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்குச் சமைத்துப் போட்டவர். துரை கப்பலேறும் முன் தந்த பரிசு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் இன்னாசி அடக்கமான பிறகு, ஒரு மழை மத்தியானம் சவரி அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். விளிம்பில் எதையோ விரல் அழுத்த, பின்மூடிக்குள் இன்னொரு மூடி திறந்துகொண்டது.

உள்ளே எனாமல் ஓவியம். ஏதோ ஒரு பழங்கால நாட்டின் பளிங்குக் குளம். படியில் கண்மூடி ஒருத்தி, பின்னால் ஒருவன். இருவர் மேலும் துணி நழுவிக் கிடந்தது. கடிகாரம் மெல்லிய வெள்ளிக் குரலில் மணியடிக்கத் தொடங்கியது. அடிக்க அடிக்க, ஓவியத்தில் இருந்தவனின் அசையும் குட்டித் தகட்டுக் கை அவள் ஈரக் கூந்தலை வருடியது.

சவரி படக்கென்று மூடினான்.

"என்னங்க அது? காட்டுங்க" என்று அருகில் வந்தாள் மனைவி ராஜமேரி.

இரண்டாவது கர்ப்பமும் தங்காமல் போனதிலிருந்து இருவரும் விருந்தாளிகள்போல வாழ்ந்தார்கள். அவன் முன்னறையில் படுத்தான். பேச்செல்லாம் அரிசியும் டியூட்டியும்தான்.

அவன் திறந்து காட்ட, அவள் வெகுநேரம் பார்த்தாள். மறுபடி மணியடிக்க வைக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"மாதா படம் இருக்கற வூட்டுல இதெல்லாம் வேண்டாம், மேரி."

"இதுல என்னங்க அசிங்கம்? ஆசையாத் தலய கோதி வுடறான். எங்கூரு ஏரிக்கரை மண்டபத்துத் தூண்லயும் இப்பிடித்தான் இருக்குது. காரிமங்கலம் சந்தைக்குப் போறப்ப மழைக்கு அங்கதான் ஒதுங்குவோம். அந்தக் காலத்து ஆளுங்க வெக்கப்படல."

"நீ பாத்திருக்கியா?"

"எல்லாரும் பாப்பாங்க. யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினார்கள். மண்டபம் ஆளில்லாமல் கிடந்தது. ஏரித் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்து, தூணில் வழிந்து, கல்லுக்குள் ரத்தம் ஓடுவதுபோலக் காட்டியது. தலைமுடியைப் பிழிந்துகொண்டு நின்றாள் ஒரு கல் பெண். அவள் இடுப்பில் ஓர் ஆணின் கை. பல நூறு வருடம் யார் யாரோ தொட்டு அந்த இடம் மட்டும் பளபளத்தது.

ராஜமேரியும் தொட்டாள். "சூடா இருக்குதுங்க" என்றாள்.

சவரி அவள் விரல்மேல் தன் விரலை வைத்தான். "உன்னத் தொட்டா மறுபடியும் உனக்கு அந்த வலி வந்துருமோன்னு பயம், மேரி."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நான் உங்களுக்கு வேண்டாதவளாப் போயிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

கொண்டையை அவளே அவிழ்த்தாள். தேங்காயெண்ணெய் வாசனையும் ஏரிக்காற்றும் கலந்து வந்தன. அவன் அவள் பிடரியில் முகம் புதைத்தான். எங்கோ நீர்க்கோழி கூவியது. வெயில் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு நகர்ந்ததை இருவரும் அறியவில்லை.

ஆடு ஓட்டி வந்த சென்னம்மாள் என்ற கிழவி எட்டிப் பார்த்தாள். "பொழுது சாயுது, கடைசி பஸ்ஸு போயிருமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆடுகளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனாள்.

பஸ்ஸில் சவரி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"சார், இது லேடீஸ் சீட்டு. பின்னால போங்க" என்றார் கண்டக்டர்.

"எங்கூட்டுக்காரிங்க. தூங்கிட்டா" என்றான் சவரி, எழாமல்.

அவன் தோளில் சாய்ந்திருந்த ராஜமேரி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.