முதுகுக்குப் பொருந்திய வசனம்

அப்பா கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி ரிமோட்டில் போட்டது.

"அப்ப மணி எப்படிப்பா பாக்கறது?" என்றேன்.

"உன் தம்பி சீரியல் வந்தா ஏழரை. முடிஞ்சா எட்டு. இதுக்கு மேல நமக்கென்ன மணி?" என்றார்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அந்தத் தொடருக்குக் கதையும் வசனமும் என் தம்பி. அதில் வரும் தகப்பன் பள்ளி வேன் ஓட்டுநர். எங்கள் அப்பாவும் அதே வேலைதான், முப்பது வருடம். தொடரின் தகப்பன் குடிப்பான். பெல்ட்டைக் கழற்றி விளாசுவான். எங்கள் அப்பாவிடம் பெல்ட்டே கிடையாது, இடது கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பார். பரீட்சையில் தோற்ற மகனின் நோட்டுகளை அந்தத் தகப்பன் மொட்டை மாடியில் போட்டுக் கொளுத்துவான். எங்கள் வீட்டில் கொளுத்தியது தம்பி. பதினேழு வயதுக் கோபம். அப்பா வெறும் கையால் தீயை அடித்து அணைத்தார். கட்டுப் போட்ட கையோடு இரண்டு வாரம் வேன் ஓட்டினார்.

"எல்லாமே எங்க வீட்ல நடந்ததுதான்" என்று தம்பி ஒரு பேட்டியில் சொன்னான். அடுத்த வாரமே வேன் பிள்ளைகள் அப்பாவைத் 'தீப்பெட்டி அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு அம்மாக்கள் டிரைவரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் வேன் சாவியை வாங்கிக்கொண்டது.

தம்பிக்குப் போன் செய்து கத்தினேன். "நல்ல அப்பாவை வெச்சு எத்தனை எபிசோட்க்கா ஓட்டறது? எவன் பாப்பான்?" என்றான்.

அப்பாவோ, "விடும்மா, பையன் பேரு வருதுல்ல" என்றார். தினமும் ஏழரைக்குச் சரியாக டிவி முன்னால் உட்கார்ந்தார். தன்னையே திட்டும் சனங்களோடு சேர்ந்து, "சே, என்ன மனுஷன்டா இவன்" என்றும் சொல்வார்.

எனக்கும் அதே தொடரில்தான் பிழைப்பு. தகப்பனாக நடிப்பவருக்கு நம் மொழி வராது. அவர் ஏதோ பேச, இன்னொருவர் குரல் கொடுப்பார். எழுதி வரும் வசனத்தை அவருடைய உதட்டசைவுக்குப் பொருந்தும்படி வெட்டி ஒட்டுவது என் வேலை.

அப்பா போன பதினெட்டாம் நாள் ஒரு காட்சி வந்தது. தகப்பன் சாகிறான். அதற்கு முன் மகனிடம், "உன் படிப்பை எரிச்ச பாவி நான், மன்னிச்சிடுப்பா" என்கிறான்.

கூடவே தம்பியின் போன். "சூட்டோட சூடா எழுதிட்டேன்க்கா. நல்லா வந்திருக்கில்ல?"

"ரொம்ப" என்றேன்.

உயிரோடு இருந்தவரின் பேரைத் தின்றாயிற்று. செத்தவரின் வாயிலிருந்து மன்னிப்பையும் பிடுங்கப் பார்க்கிறான். அது நடக்காது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

படத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்த வசனம் முழுக்க நடிகர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகுக்கு உதடு இல்லை. எந்த வசனமும் பொருந்தும். எங்கள் தொடரில் மதியம் டப்பிங், மாலையில் ஒளிபரப்பு. நடுவில் போட்டுக் கேட்க யாருக்கும் நேரம் கிடையாது.

தகப்பனுக்குக் குரல் கொடுப்பவரை எல்லோரும் வெண்கலம் என்போம். மைக் முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, இன்னைக்கு ஒரே தடவைல சாகணுமா, ரிகர்சல் உண்டா?"

நான் எழுதிய தாளைக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"தம்பி கடைசி நேரத்துல மாத்திட்டாரா?"

"ஆமாண்ணே."

"மூணு வருஷமா இந்தாளுக்கு நான் குரல் குடுக்கறேன். இப்பதான் மனுஷனாப் பேசறான்" என்றார். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்று மாலை ஏழு ஐம்பதுக்கு அந்த முதுகு பேசியது.

"நோட்டைக் கொளுத்தினது நீ. அணைச்சது நான். ஊருக்கு எப்படி வேணா சொல்லிக்கோ. ஆனா செய்யாத தப்புக்கு என்னை மன்னிப்பு மட்டும் கேக்க வைக்காதே."

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கே?"

"என்னடா ஆச்சு?"

"அது நான் எழுதினதே இல்ல!"

"அப்படியா? சேனலுக்குப் போன் போட்டுச் சொல்லேன். நான் எழுதல, எங்க அக்கா எழுதினா, நடந்ததை அப்படியே எழுதிட்டான்னு சொல்லு."

"தயாரிப்பாளர் அழுதுட்டாராம். நான் எழுதினதுலயே இதுதான் பெஸ்ட்டுங்கறார்" என்றான்.

"உன் பேருலதானேடா வருது. வாங்கிக்கோ."

மறுவாரம் ஒரு பேட்டியில் தம்பியைக் கேட்டார்கள்: உங்கள் வீட்டில் நிஜமாகவே கொளுத்தியது யார்? பத்து விநாடி அவன் வாயைத் திறக்கவில்லை. பிறகு "நான்" என்றான். அந்தப் பத்து விநாடியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பசி ஆறவில்லை. ஆனால் ருசியாக இருந்தது.

என்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்ல அவனால் முடியாது. காரணம் கேட்பார்களே. தகப்பன் இல்லாமலும் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் எழுதுகிற ஒவ்வொரு வசனமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு என் மேசைக்குத்தான் வருகிறது.