இடது காதுக்கு மேலே

மோகனப்ரியா பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். முடி வெட்டுகிற கத்திரியைக் காணோம். அகலப்பல் சீப்பு இருக்கிறது, கிளிப்பு இருக்கிறது, தண்ணீர் அடிக்கிற பாட்டில் இருக்கிறது, கைக்கண்ணாடிகூட இருக்கிறது. புதுக்கோட்டையில் பியூட்டீசியன் கோர்ஸில் சேர்ந்த அன்று அப்பா வாங்கிக் கொடுத்த கத்திரி மட்டும் பையில் இல்லை. சனியன், இன்றைக்குத்தானா ஒளிந்துகொள்ள வேண்டும்!

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். குன்றாண்டார்கோவில் பக்கம் மினி பஸ் ஓட்டுகிற அருள்தாஸ் என்றால் பத்து ஊருக்குத் தெரியும். விடியற்காலையில் வண்டி எடுக்கக் கிளம்பியவர் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். மணி இப்போது இரண்டரை. மூன்று மணிக்குக் குளிப்பாட்டுவார்கள், நாலு மணிக்குப் பாதர் வந்துவிடுவார், அதற்குப் பிறகு சவப்பெட்டியை மூடிவிடுவார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவளுக்கு மட்டும் கண் இடது காதுக்கு மேலேயே போய் நின்றது. அங்கே முடி இரண்டு விரல் ஏறிப் போய், வலது பக்கத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. அது அவள் கைவேலை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்த கூத்து. ப்ராக்டிகல் பரீட்சைக்கு முன்னால் ஒரு நிஜத் தலையில் பழகிப் பார்க்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். "எந்தலைய எடுத்துக்க, போ" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அப்பா. அடர்த்தியான சுருட்டை முடி, பின்னால் வாரிவிட்டால் பிடரியைத் தொடும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தலையை நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப்புப் போட்டாள். பிடரியில் ஒரு கீற்றை முதலில் வெட்டி, அதையே மற்றதற்கெல்லாம் அளவாக வைத்துக்கொண்டாள். வலது பக்கம் அம்சமாக வந்தது. அந்தத் தெம்பில் இடது பக்கம் போனவள், ஈர முடியை இரண்டு விரலுக்கு நடுவில் இறுக்கி இழுத்து நறுக்கிவிட்டாள். 'காதுக்கு மேல இழுத்துப் புடிக்காதீங்கடி, சுருட்டை முடி காய்ஞ்சா மேல ஏறிக்கும்' என்று மணிமேகலை மிஸ் தலைப்பாடாய் அடித்துக்கொண்ட பாடம் அது. காயக் காய முடி ஏறியது. இவளுக்கு வியர்த்துவிட்டது.

"கண்ணாடி காட்டலையாம்மா?" என்றார் அப்பா.

"இன்னும் முடியலப்பா. ஞாயித்துக்கெழம முடிச்சிட்டுக் காட்டுறேன்."

"சரித்தா" என்று துண்டை உதறிவிட்டு எழுந்து போனார்.

நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக்குள் தேட இனி இடமில்லை. வாசலுக்கு ஓடினாள். பந்தலுக்குக் கீழே பெரியத்தை உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள், நூலை நறுக்க அவள் கையில் அந்தக் கத்திரி!

"அத்தே! அது முடி வெட்டுற கத்திரி. கண்டதையும் நறுக்குனா மொன்னையாயிரும்!" பிடுங்கிக்கொண்டாள்.

"ஏண்டி, எந்தம்பி பொணமாக் கெடக்கான், நீ கத்திரிக்கு மல்லுக்கு நிக்கிற?"

"அப்பாவுக்கு ஒரு பக்கம் ஏத்தமா இருக்கு அத்தே. சரி பண்ணணும்."

"தலையே சாஞ்சிருச்சாம், இவ முடிக்கு அழுவுறா" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் கொல்லைப் பக்கம் ஆண்கள் பெஞ்சைப் போட்டு, சுற்றி வேட்டியை மறைப்பாகக் கட்டி, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மோகனப்ரியா பையோடு ஓடி மறைப்பை விலக்கினாள். பஸ் ஸ்டாப்பில் சலூன் வைத்திருக்கிற ஜஸ்டின் சவரத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். அப்பாவின் தம்பி செல்லமுத்து தண்ணீர்ச் செம்போடு நின்றார்.

"சித்தப்பா, ஊத்தாதீங்க! காய்ஞ்ச முடியிலதான் வெட்டணும்."

"பொம்பளப் புள்ளைக்கு இங்கிட்டு என்ன சோலி? உள்ள போத்தா. எதுவா இருந்தாலும் ஜஸ்டின் பாத்துக்குவாப்ல."

"அவரு வேணாம். நாந்தான் கெடுத்தேன். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது சித்தப்பா, கண்ணாடிகூடக் காட்டாம ஏமாத்திட்டேன்."

ஜஸ்டின் சவரக் கத்தியை மடக்கினார். "யாரு சொன்னா தெரியாதுன்னு? தலைக்கு மேல அம்மாம் பெரிய கண்ணாடிய மாட்டிக்கிட்டு பஸ் ஓட்டுற மனுசன் பாப்பா. வியாழக்கெழம சேவிங்குக்கு வந்தாரு. 'அண்ணே, ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு, ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிர்றேன்'னேன். 'கைய வச்சீன்னா நடக்குறதே வேற. எம் மக பாதியில வச்சிருக்கா, ஞாயித்துக்கெழம அவதான் முடிக்கணும்'னு சொல்லிட்டுப் போனாரு."

மூன்று நாள் அந்தத் தலையோடு பத்து ஊருக்கும் வண்டி ஓட்டியிருக்கிறார். திட்டியாவது இருக்கக் கூடாதா அந்த மனுஷன்!

"ஒருத்தர் பாதியில விட்ட தலைய இன்னொருத்தர் தொட மாட்டோம். எங்க தொழில்ல அப்புடித்தான்" என்று செல்லமுத்துவிடம் சொன்னார் ஜஸ்டின். அவள் கத்திரியை வாங்கிக் காதோரம் வைத்து இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். தன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார்.

செல்லமுத்து செம்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். முடி சில்லென்று இருந்தது. குட்டையாகப் போன பக்கத்தை நீட்ட முடியாது, வலது பக்கத்தைத்தான் குறைக்க வேண்டும். அகலப்பல் சீப்பால் வாரி, விரலால் இழுக்காமல், முடி தானாக எங்கே விழுகிறதோ அங்கே வைத்து வெட்டினாள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கீற்று எடுத்து நெற்றிக்கு நடுவே கொண்டுவந்து அளந்தாள். வலது பக்கம் அரை விரல் மிச்சம். இன்னும் கொஞ்சம் வெட்டினாள். மறுபடி அளந்தபோது இரண்டு நுனியும் ஒன்றாக நின்றன.

"முடிஞ்சதாத்தா? ஊத்தலாமா?"

"இருங்க சித்தப்பா."

கழுத்தில் ஒட்டியிருந்த முடியைப் பிரஷால் தட்டிவிட்டாள். பைக்குள்ளிருந்து கைக்கண்ணாடியை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக் காட்டினாள், பிறகு வலது பக்கம்.

செல்லமுத்து தலையைத் தாங்கியபடியே காத்திருந்தார்.