பூட்டை மாற்றாத வீடு

நான் அங்கே வாழ்ந்த அடையாளமே தெரியக்கூடாது, அப்போதுதான் வீடு விலைபோகும் என்றார் தரகர். பெயர்ப்பலகை, சுவரில் மாட்டிய படங்கள், கதவு நிலையில் தம்பியின் உயரத்தை வருஷா வருஷம் குறித்த பென்சில் கோடுகள், எல்லாம் போக வேண்டுமாம். பார்க்க வருகிறவர்களுக்கு இது தங்கள் வீடு என்று தோன்ற வேண்டுமாம். இத்தனை வருஷம் வரி கட்டியது நான், அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லையே என்று கேட்டேன். மனிதர் சிரித்து மழுப்பிவிட்டார்.

என் முழங்கால்கள் மாடிப்படியோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்ததால்தான் இந்த விற்பனை. ஊரின் மறுகோடியில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்கூட்டியே குடிபோய்விட்டேன். பழைய வீட்டில் ஒன்றை மட்டும் அடித்துச் சொன்னேன்: வாசல் பூட்டில் யாரும் கை வைக்கக்கூடாது.

அதன் மூன்று சாவிகளில் ஒன்று தம்பியிடம் இருந்தது. அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு வாய்த்தகராறில், இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு, அவனுக்கு ரோஷம். போனவன் போனவன்தான். போன் நம்பர்கூட இருவருக்கும் மாறிப்போனது. ஆனால் சாவியைக் கையோடு கொண்டுபோயிருந்தான். வேண்டாம் என்று போகிறவன் சாவியை எடுத்துப் போவானா? அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். குடிபோகும் அன்று, புது விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி, உள்ளே சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனேன்.

வாங்க வந்தவர் ஒரு டீச்சர். பேரம், முன்பணம், ஒப்பந்தம் எல்லாம் மளமளவென்று நடந்தன. வீட்டின் மேல் வில்லங்கம் எதுவும் இல்லையென்று சான்றிதழ் வந்தது. என்னுடைய வில்லங்கம் தாளில் ஏறாத வகை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன், கைரேகை வைத்தேன், பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் நீட்டினார்கள், அதிலும் போட்டேன். வீடு டீச்சருடையதாயிற்று.

அங்கிருந்து நேரே சாவி கொடுக்கப் போனோம். விற்பதற்கு முன் தரகர் ஏற்பாட்டில் வீட்டுக்கு வெள்ளையடித்த பெயிண்டரையே, கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க டீச்சர் வரச் சொல்லியிருந்தார். சாவி இரண்டுதானா என்று கேட்டார் டீச்சர். ஒன்று வெளியே இருக்கிறது என்றேன். அப்படியானால் நாளைக்கே பூட்டை மாற்றிவிடுகிறேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பெயிண்டர் தன் பிரஷ் டப்பாவைக் கிளறி ஒரு சாவியை எடுத்தார். தம்பியின் சாவி என்று அடையாளத்துக்கு நான் கட்டிவிட்ட சிவப்பு நூல் அதில் அப்படியே இருந்தது.

"இது உங்களுக்குத்தாம்மா" என்று டீச்சரிடம் நீட்டினார். "ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்தார். அவரே சாவி போட்டுத் திறந்தார். வீடு பாக்க வந்தவர்னு நெனச்சேன். ஆனா சுவத்தப் பாக்காமலே சரியா சுவிட்ச் மேல கை வச்சார்."

என்ன கேட்டான் என்றேன்.

"இங்க இருந்த அக்கா எங்கன்னார். தெரியாதுன்னுட்டேன். யார் வந்தாலும் வாயத் திறக்காதன்னு தரகர் சொல்லியிருந்தார், ஆளுங்க நேரா உங்ககிட்ட போயிட்டா அவர் கமிஷன் போயிடுமாம். அந்தக் கதவு நிலையத் தடவிக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னார். வாங்கறவங்ககிட்ட குடுத்துடுங்கன்னு இதக் குடுத்துட்டுப் போயிட்டார்."

சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிய விலாசச் சீட்டு என்னாயிற்று என்று கேட்டேன். பட்டி பூசும்போது சுரண்டிவிட்டாராம். திட்டத்தான் வாயெடுத்தேன். வாயால் கெட்டது போதும் என்று மூடிக்கொண்டேன்.

நிலையில் பெயிண்டுக்கு அடியில் போன உயரக் கோடுகளை நானே அழித்தேன் என்று நினைத்திருப்பான். சாவியையும் கொடுத்துவிட்டான், இனி எங்கே வரப்போகிறான்? தெரிந்தும் டீச்சரிடம் பேனா வாங்கினேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவரில் என் விலாசத்தை எழுதினேன். கீழே, 'வாடா, அக்கா மேலதான் தப்பு' என்று எழுதினேன். எழுதி முடித்தபின்தான், அது இப்போது என் சுவர் இல்லை என்பது உறைத்தது.

டீச்சர் அதைப் படித்தார். பிறகு பெயிண்டரைக் கூப்பிட்டார்.

"இந்த இடத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்றார்.