ஆறாவது படத்தில் ஒரு திரை

1
இந்தக் கதை திருச்சி ஜங்ஷன் நடைமேடையில் எனக்குக் கிடைத்தது. ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொட்டலம் கொடுத்த அம்மாள் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, வராத ரயிலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். இதில் கதை எங்கே என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2
‘சந்திரம்மாள் ஓர் ஏழைக் குடியானவரின்...’

(அடித்துவிட்டேன். ஏழை என்று தொடங்கினால் அவள்மேல் இரக்கப்படுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.)

1962. உப்பிலியபுரத்துச் சந்திரம்மாள் திருச்சியில் ஒரு கல்லூரியில், படங்களால் கதை சொல்லும் படிப்பில் சேர்ந்திருந்தாள். எழுத்தே இல்லாமல், அட்டையில் ஆறு படங்களாக ஒரு கதை வரைய வேண்டும். பேராசிரியர் ரெங்கராஜ் அதில் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகப் பரீட்சை. பரீட்சை இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். அப்பா நல்லுசாமி அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

நான் பார்த்த நடைமேடைக் காட்சியை அவளுக்குக் கொடுத்தேன். ஐந்து படங்களில் அதை வரைந்துவிட்டாள். ஆறாவதில், மூடிய சிவப்புத் திரை.

3
“என்னம்மா இது, ஜமுக்காளமா?” என்றார் ரெங்கராஜ். வகுப்பு சிரித்தது.

“திரைங்க சார். ஸ்ரீரங்கத்துல சாமிக்கு நைவேத்தியம் வைக்கிறப்ப இழுத்து மூடுவாங்கல்ல.”

“சரி, அந்த ஆள் எங்க?”

“உள்ள சாப்பிடறாருங்க.”

“ஸ்டேஷன்ல ஏதும்மா திரை?”

“அந்தம்மா முதுகுதாங்க சார்.”

“இதபாரு. அவன் சாப்பிட்டு முடிச்சு, கண்ணுல தண்ணியோட அவளைக் கும்பிடணும். அதைக் காட்டினாத்தான் பாக்கிறவனுக்கும் குடுக்கத் தோணும்.”

“சாமி சாப்பிடறதையே மறைக்கிறோம். பசிச்சவரு சாப்பிடறதை மட்டும் ஊரைக் கூட்டிக் காட்டணுமாங்க?”

ரெங்கராஜ் அட்டையை அவள் பக்கம் தள்ளினார்.

“நாளைக்கு மாத்திக் கொண்டா. இல்லன்னா கையெழுத்து கிடையாது.”

“மாத்த மாட்டேங்க சார்.”

4
ரெங்கராஜைக் கொடுமைக்காரராக்கிவிட நினைத்தேன். எழுத எளிது. ஆனால்...

(இந்த ‘ஆனால்’ எனக்கே பிறகுதான் தெரிந்தது.)

அதற்கு முந்தின மாதம் சந்திரம்மாளின் வர்ணங்கள் தீர்ந்துபோயின. மறுநாள் காலை அவள் இடத்தில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. யார் வைத்தது என்று காவலாளி வீரமலையைக் கேட்டாள்.

“ரெங்கராஜ் அய்யாதான். நான் சொன்னேன்னு சொல்லிப்புடாத தாயீ. வச்சுட்டு, யாரோ தொரத்துற மாதிரி ஓடிட்டாரு.”

ஆக, நன்றியைப் படமாகக் கேட்ட மனிதர், தனக்கு வர வேண்டிய நன்றிக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வகுப்பு நடுவே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்திரம்மாள் ஜெயித்திருப்பாள். நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால் அவர் இழுத்துவிட்ட திரையை அவளே கிழித்ததாகும். விழுங்கிவிட்டாள்.

5
மறுநாள் அதே அட்டையை மேசைமேல் வைத்தாள். திரையில் மட்டும் இன்னொரு பூச்சு, அந்தப் பெட்டியின் சிவப்பு. ரெங்கராஜ் குனிந்து அந்தச் சிவப்பையே பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

முடிவு அ: கையெழுத்துப் போட்டார்.

முடிவு ஆ: போடவில்லை. உப்பிலியபுரம் பஸ்ஸில், மடியில் அட்டையோடு...

இரண்டில் ஒன்றைச் சொல் என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். சொல்ல மாட்டேன். சந்திரம்மாளே பார்க்கவில்லையே! பேனா மூடி கழன்றதும் அவள் அவருக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கைகூட இல்லை. இருந்தும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள். அந்த மனிதர் தனியாக இருக்கட்டும்.