இஸ்மினியோடு இருபது வருஷம்

குருநகரிலிருந்து ஜெர்மனியின் பீலெஃபெல்டுக்கு வந்து ராசனைக் கலியாணம் கட்டிய முதல் கிழமையிலேயே, அந்த வீட்டில் தனக்கு முன்னமே ஒருத்தி இருக்கிறாள் என்று பேர்பெச்சுவா கண்டுகொண்டாள். அவள் பெயர் இஸ்மினி. மீன் பொரித்து வைத்தால், "இஸ்மினியிலை எண்டால் எலுமிச்சம்புளி விட்டுத்தான் தருவினம்" என்பான் ராசன். சட்டையை இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுத்தால், "பரவாயில்லை, ஆனால் இஸ்மினியிலை கொலர் இப்பிடி வளையாது" என்பான். நாலு நாள் பொறுத்துப் பார்த்தவள், அகப்பையைக் கையில் பிடித்தபடியே நேராகக் கேட்டுவிட்டாள்.

"ஆரப்பா அந்த இஸ்மினி?"

ராசன் புரைக்கேறச் சிரித்தான். பிறகு எழும்பிப் போய்ச் சூட்கேசிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். வெள்ளைக் கப்பல். நீலப் புகைபோக்கியில் வெள்ளை நிறத்தில் ஒரு கடற்பறவை. அகதியாக ஜெர்மனிக்குள் வருவதற்கு முன்னால் ராசன் அந்தக் கப்பலில்தான் உடுப்புத் தோய்த்து மினுக்கும் வேலை பார்த்தவன். பொம்பிளை இல்லை, கப்பல்தான் என்று தெரிந்தும் பேர்பெச்சுவாவுக்கு முழுதாக நிம்மதி வரவில்லை. அடுத்த நாளே அந்தப் படம் சட்டம் போட்டு, திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது.

போகப் போக அந்தக் கப்பலின் பூர்வீகம் முழுவதும் அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஆந்த்ரோஸ் என்ற கிரேக்கத் தீவில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு பழைய தபால் கப்பலை வாங்கித் தொடங்கியதுதான் மெல்தெமி லைன் என்ற கப்பல் கொம்பனி. மெல்தெமி என்றால் அந்தக் கடலில் கோடையில் அடிக்கிற வடகாற்று. ஆவணி மாதா திருநாளுக்குத் தினோஸ் தீவுக்குச் சனத்தை ஏற்றிப் போவதுதான் முதல் தொழில். அந்தத் தபால் கப்பலுக்குத் தாயின் பெயரை வைத்தார்கள், அர்கிரோ. பிறகு வெள்ளைக்காரர் தீவு பார்க்க வரத் தொடங்கவே இன்னும் இரண்டு கப்பல் வாங்கி, அண்ணனின் மகள்மாரின் பெயர்களை வைத்தார்கள். மூத்தவள் இஸ்மினி, இளையவள் லெனியோ. இஸ்மினி டென்மார்க்கில் கட்டிய பெரி, ஆளையும் காரையும் கரைக்குக் கரை ஏற்றும் கப்பல். கார் ஏற்றுகிற தட்டைத் தடுத்து அறைகளாக்கினார்கள். அந்தத் தட்டின் பின்கோடியில், சன்னல் இல்லாத ஓர் இடத்தில்தான் ராசன் மினுக்கியது.

"மாதா திருநாளுக்கு ஆக்களை ஏத்தித் தொடங்கின கொம்பனியப்பா. மடு மாதா கோயிலுக்கு லொறி விடுற மாதிரித்தான்" என்று ராசன் சொல்லும்போது, அதில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதுபோலக் கேட்கும்.

அர்கிரோவை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கிரேக்கக் கடைக்காரர் சொன்ன அன்று அவன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. லெனியோவை யாருக்கோ விற்று, எந்த நாட்டிலோ அதைக் கரையோடு கட்டி ஹோட்டல் ஆக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, "பொம்பிளைப்பிள்ளையை அந்நியத்திலை குடுத்த மாதிரி" என்றான். "உங்கடை ரெண்டு பொம்பிளைப்பிள்ளையளையும் முதல் பாருங்கோ" என்றாள் பேர்பெச்சுவா. அப்போது மூத்தவள் சாண்ட்ராவுக்கு ஏணையில் போட்டு ஆட்டும் பருவம் தாண்டவில்லை, லிசா வயிற்றில்.

எரிச்சல் எல்லாம் ஒரு பக்கம். முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை முடித்து வரும் சில நாட்களில், அவளும் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நிற்பாள். இந்த மனுசன் இவ்வளவு ஆசை வைத்த இடத்தை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று தோன்றும்.

அதற்குச் சந்தர்ப்பம் இரண்டாயிரத்து நாலில் வந்தது. கலியாணம் கட்டி இருபதாவது வருஷம். சாண்ட்ரா கொம்பியூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தவள், "அம்மா, அப்பாடை கப்பல் இன்னும் ஓடுது!" என்று கத்தினாள். ஒரு ஜெர்மன் பயண நிறுவனம் அந்தக் கோடைக்கு இஸ்மினியை வாடகைக்கு எடுத்து, பிரேமர்ஹாஃபனிலிருந்து நோர்வேக்கு விடுகிறதாம். பேர்பெச்சுவா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ராசனுக்குச் சொல்லாமலே இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கப்பல் ரிக்கற் கடிதத்தை அவன் கையில் கொடுத்தாள். வாசித்த ராசனின் முகம் வெளுத்தது. வாய் திறந்தான், ஒரு சொல்லும் வரவில்லை.

"பாருங்கோ, சந்தோசத்திலை மனுசன் ஊமையாப் போச்சு" என்றார் தமிழ்க்கடை வைத்திருக்கிற ஜெயச்சந்திரன் அண்ணை. எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஓம், ஓம்... நல்ல சந்தோசம்" என்றான் ராசன், குரல் இறங்கி.

புறப்படும் நாள் கிட்டக்கிட்ட அவன் பேச்சுக் குறைந்தது. காலநிலைச் செய்தியில் வடகடலைக் காட்டினால் இருக்கிற கதிரையின் நுனிக்கு வந்துவிடுவான். ஆசை மிஞ்சினால் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு பேர்பெச்சுவா புதுச் சாறி இரண்டை மடித்து வைத்தாள்.

வழியனுப்பச் சாண்ட்ராவும் கூட வந்தாள். ரயில் மாறி, பஸ் பிடித்து, சூட்கேசை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் நின்றது. படத்தில் இருந்ததைவிடச் சின்னது. நீலப் புகைபோக்கியில் கடற்பறவையின் ஒரு சிறகு வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் அழகாகத்தான் இருக்கிறாள் என்று பேர்பெச்சுவா மனதுக்குள் ஒத்துக்கொண்டாள்.

ஆனால் ஒருவரும் ஏறவில்லை. வயது போன ஜெர்மன்காரர் சூட்கேசுகளின் மேல் குந்தியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பயண நிறுவனத்துப் பெண் ஒருத்தி ஒலிபெருக்கியோடு வந்து ஏதோ சொன்னாள். சனம் கோபத்தில் இரைந்தது.

"என்னவாம்?" என்றாள் பேர்பெச்சுவா.

"கப்பலைச் சங்கிலியிலை போட்டாச்சாம்" என்றாள் சாண்ட்ரா.

பேர்பெச்சுவா எட்டி எட்டிப் பார்த்தாள். "சங்கிலி ஒண்டையும் காணேல்லையே."

"அது ஜெர்மன்காரர் சும்மா சொல்லுற சொல் அம்மா. கிரேக்கக் கொம்பனி முறிஞ்சு போச்சு. எண்ணெய் குடுத்த ஆக்கள் காசுக்குக் கோட்டிலை வழக்குப் போட்டிட்டினம். கோடு கப்பலை மறிச்சிட்டுது. உர்லாப் இல்லை, பயணம் நிண்டு போச்சு. எல்லாரும் வீட்டை போக பஸ் வருமாம்."

இருபது வருஷமாய்ப் போட்டி போட்டு, கடைசியில் ஒரு தரமாவது ஏறிப் பார்ப்போம் என்று வந்த இடத்தில் இப்படியா? பேர்பெச்சுவாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. ராசன் அவசரமாகக் கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியை இழுத்து நீட்டினான். அதோடு சின்னப் பெட்டிகள் மூன்றும் வந்து நிலத்தில் விழுந்தன. சாண்ட்ரா எடுத்து வாசித்தாள்.

"அப்பா, இது கப்பல் ஆட்டத்துக்கு வாந்தி சத்தி வராமல் இருக்கப் போடுற குளிசை. மூண்டு பெட்டி வைச்சிருக்கிறியள்!"

"அது... அது கொம்மாக்கு வாங்கினது" என்றான் ராசன்.

அந்த நேரம் மேலே கப்பல் விளிம்பில் சாய்ந்து நின்ற ஒரு தாடிக்கார மனிதன், கண்ணைச் சுருக்கி இவர்களைப் பார்த்தான். பார்த்தவன் இரண்டு கைகளையும் உயர்த்தி, "ரசான்! ரசான்!" என்று கத்தினான். ராசன் பதிலுக்கு ஏதோ கத்தினான். கிரேக்கம்! தன் புருசன் வாயிலிருந்து அப்படியொரு பாஷை வருவதைப் பேர்பெச்சுவா அன்றுதான் கேட்டாள். தாடிக்காரன் ஏணிப்படிகளில் இறங்கி ஓடிவந்து ராசனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். பெயர் ஸ்தாவ்ரோஸ். ராசனின் காலத்தில் இளம் எஞ்சினியர், இப்போது தலைமை எஞ்சினியர். கால் நூற்றாண்டாய் இந்தக் கப்பலை விட்டு அவன் இறங்கவில்லை.

காவல்காரரிடம் ஏதோ சொல்லி, மூன்று பேரையும் மேலே கூட்டிப்போனான் ஸ்தாவ்ரோஸ். மாலுமிகள் சாப்பிடும் அறையில் பிலிப்பினோப் பெடியன்களும் இந்தோனேசியாக்காரரும் இரண்டு மூன்று கிரேக்கக் கிழவர்களும் அவித்த உருளைக்கிழங்கைத் தகர டப்பாத் தக்காளியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பயணத்துக்கு வரவேண்டிய சாமானைக் கடைக்காரர் இறக்கவில்லையாம். அரிசி முடிந்துவிட்டது. பிரயாணிகளுக்குப் பஸ் வந்தது, இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஊருக்குப் போவதென்றாலும் கோட்டில் நீதவான் சொல்லும்வரை காத்திருக்கவேண்டும்.

ஸ்தாவ்ரோஸ் ஜெர்மன்காரப் பிரயாணிகளிடம் பழகிய ஜெர்மன் பாஷையில் பேர்பெச்சுவாவிடம் சொன்னான்: "உன்ரை மனுசனைப்போல சேர்ட் மினுக்கிற ஆள் இந்தக் கப்பலிலை பிறகு வரேல்லை. ஒரு கையிலை மினுக்குப்பெட்டி, மற்றக் கையிலை வாளி!"

"வாளியோ? ஏன்?"

ஸ்தாவ்ரோஸ் குனிந்து, வாளிக்குள் சத்தி எடுப்பதுபோல நடித்துக் காட்டினான். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "கப்பல் கயிறு அவிழ்க்க முன்னமே தொடங்கிவிடுவான். இந்தத் துறைமுகத்திலை கப்பலை விட்டு இறங்கின அண்டைக்கு நிலத்தைக் கும்பிட்டான். நான் பார்த்தனான்."

பேர்பெச்சுவா திரும்பி ராசனைப் பார்த்தாள். பேசாலை என்ற மீன்பிடி ஊரில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை. கலியாணத்துக்குப் பிறகு குருநகரில் இருந்த அவளுடைய அண்ணன்மாருக்குக் கடிதம் கடிதமாய்ப் புயல் கதை எழுதிய மனுசன். இப்போது உருளைக்கிழங்கைப் பார்த்தபடி இருந்தான், காது நுனி வரை சிவந்து.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது: ஊமையாய்ப் போன முகம், காலநிலைச் செய்தி, மூன்று பெட்டிக் குளிசை. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப என்னத்துக்கப்பா வெளிக்கிட்டு வந்தனீங்கள்? ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீர் ஆசையா எடுத்துத் தந்தனீர்" என்றான் ராசன். "உம்மடை முகத்தைப் பாத்திட்டு என்னண்டு சொல்லுறது? ஒரு கிழமைதானே, அதுக்குள்ளை செத்தா போகப்போறன் எண்டு நினைச்சன்."

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"இவ்வளவு வருத்தம் தந்த கப்பலை ஏன் சுவரிலை கொழுவி வைச்சிருக்கிறியள்?"

ராசன் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தான். "நான் விழுந்து கிடந்த நாளெல்லாம் என்ரை வேலையை இவையள்தான் மாறி மாறிச் செய்தவை. ஸ்தாவ்ரோஸ் எஞ்சின் அறையிலை வேலை முடிச்சு வந்து, கை கழுவிப்போட்டு, எனக்காக மேசைவிரிப்பு மினுக்கியிருக்கிறான். மேலதிகாரிக்கு ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லை. தெரிஞ்சிருந்தால் அடுத்த துறைமுகத்திலையே இறக்கி ஊருக்கு அனுப்பியிருப்பினம். நான் ஜெர்மனிக்கு வந்திருக்க மாட்டன். நீரும் வந்திருக்க மாட்டீர்."

பேர்பெச்சுவா ஒரு பிலிப்பினோப் பெடியனின் தட்டில் கிடந்த உருளைக்கிழங்கைப் பார்த்தாள். பிறகு எழும்பி, "குசினி எங்கை?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

அன்று குசினியில் சமைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அளவு பார்த்துக்கொண்டாள். முதியோர் இல்லத்துக் குசினியைவிடப் பெரிய அடுப்பு, அண்டாபோலப் பானைகள். அடுத்த சனிக்கிழமை ஜெயச்சந்திரன் அண்ணையின் வான் அரிசி மூட்டை, கோழி, பருப்பு, தேங்காய்ப்பால், கறித்தூள் எல்லாவற்றோடும் பிரேமர்ஹாஃபனுக்குப் போனது. மாலுமிகளுக்கான மிஷனில் இருந்த பாதிரியார் துறைமுக வாசலில் காவல்காரரோடு கதைத்து உள்ளே விடச் செய்தார்.

"அக்கா, கடலுக்குப் போகாத கப்பலுக்கு இவ்வளவு கறித்தூளோ?" என்றார் ஜெயச்சந்திரன் அண்ணை மூட்டை சுமந்தபடி. பேர்பெச்சுவாவைவிட மூத்தவர், இருந்தாலும் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"பிடியுங்கோ அண்ணை, கதையை விடுங்கோ."

இந்தோனேசியாச் சமையல்காரன் மிளகாயை ருசி பார்த்து, இன்னும் போடச் சொன்னான். அவளுக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. சோறு வெந்து மூடியைத் திறந்தபோது பெடியன்கள் சாப்பாட்டறையிலிருந்து தட்டோடு எழும்பிவந்து குசினி வாசலில் நின்றார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்தான். தூள் காட்டம் என்று சொன்னான். அவளும் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்தபின்தான் தெரிந்தது, ஸ்தாவ்ரோஸிடம் சாண்ட்ரா இருபதாவது கலியாண வருஷத்தைப் பற்றி எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் என்று. பிரயாணிகளின் பெரிய மண்டபத்தைத் திறந்து, தூசி தட்டி, மேசைக்கு விரிப்புப் போட்டு வைத்திருந்தார்கள். கப்பலின் வாத்தியக்கோஷ்டி வீட்டுக்குப் போய்விட்டது, ஆனால் பிலிப்பினோப் பெடியன்களுக்குக் கிற்றார் இருந்தது. கலியாண நாளுக்கென்று வயதான கப்பித்தான் தன் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து, பேர்பெச்சுவாவின் கையில் குனிந்து முத்தமிட்டார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புதுச் சாறி உடுத்துக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

ஸ்தாவ்ரோஸ் ராசனைக் கையில் பிடித்து இழுத்தான். தோளில் தோள் போட்டுக் கிரேக்கர் ஆடும் ஆட்டம். கப்பல் கரையோடு இறுகக் கட்டிக் கிடந்தது. தரை ஆடவில்லை. ராசன் ஒரு அடியும் தவறாமல் ஆடினான். அவன் ஆடுவான் என்பதும் அவளுக்கு அன்றுதான் தெரியும்.

மரங்கள் இலை கொட்டும் வரை அந்த வான் சனிக்கிழமைகளில் ஓடியது. ஒரு கிழமை வுப்பர்டால் நகரத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் மீன்கறி சமைத்துக்கொண்டு வந்தது. இன்னொரு கிழமை யாரோ குளிர்ச்சட்டைகள் கொடுத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தின் முடிவில் கோடு தீர்ப்புச் சொல்லி, மாலுமிகளுக்கு ஊர் போக வழி பிறந்தது. புறப்பட முன்னம் ஒவ்வொருவனும் வந்து "மாமா, மாமா" என்று அவளைக் கட்டிப்பிடித்தான். அவர்கள் ஊரில் மாமா என்றால் அம்மாவாம். பேர்பெச்சுவா அழுதுகொண்டே சிரித்தாள்.

கப்பலை வாங்க ஆள் வரவில்லை. வயது போய்விட்டது, எஞ்சின் பழசு. வசந்த காலத்தில் உடைக்கிறவர்கள் வாங்கினார்கள். இழுவைப்படகு வருகிற அன்று ராசனும் பேர்பெச்சுவாவும் கரை அணைக்கட்டில் போய் நின்றார்கள். ஸ்தாவ்ரோஸ் கப்பலில் இருந்தான். அதைத் தனியே அனுப்ப மாட்டேன், அதை உடைக்கும் துருக்கிக் கரை வரைக்கும் கூடப் போவேன் என்று சொல்லிவிட்டான். அவனுக்கென்று இடியப்பமும் கோழிக்கறியும் பொதி கட்டிக் கொடுத்திருந்தாள். சூடாக்கிச் சாப்பிடவேண்டும் என்று மூன்று தரம் சொல்லியும் இருந்தாள்.

இழுவைப்படகு கயிற்றை இறுக்க, இஸ்மினி மெல்ல விலகினாள். புகைபோக்கியில் புகை இல்லை. பின்தட்டில் ஸ்தாவ்ரோஸ் நின்று ஒரு வெள்ளை மேசைவிரிப்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான்.

ராசன் தொப்பியைக் கழற்றினான். காற்று குளிராக அடித்தது.

"நல்ல பொம்பிளை" என்றாள் பேர்பெச்சுவா.

"ஓம்" என்றான் ராசன்.

கப்பல் வளைவு திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, இருவரும் காருக்கு நடந்தார்கள். வழியில் ஒரு கடையில் மீன் வைத்த ரொட்டிப் பாண் வாங்கி, காருக்குள் இருந்து பகிர்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த ஆவணிக்கு ஆந்த்ரோஸுக்கு வரச்சொல்லி ஸ்தாவ்ரோஸ் கேட்டிருந்தான். சாண்ட்ராவையும் லிசாவையும் கூட்டிக்கொண்டு போவதா, இருவரும் மட்டும் போவதா என்று பீலெஃபெல்ட் வந்து சேரும்வரை கதைத்துக்கொண்டே வந்தார்கள்.