மண்ணெண்ணெய் வாசனை

நெரேய்தா மறுபடியும் கார் சாவியைத் திருகினாள். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. எஞ்சின்தான் பிடிக்கவில்லை. எட்டு மணிக்குள் ஒல்கின் நகர ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் கணவன் எவேலியோவின் முறை தவறிவிடும். ஆம்புலன்ஸுக்கு எரிபொருள் இல்லையென்று கைவிரித்து இரண்டு மாதமாகிறது.

பழக்கதோஷத்தில் ஈரத்துணியைப் பிழிந்து பெட்ரோல் பம்பின்மேல் போட்டாள். கியூபாவில் பழைய கார் நின்றுபோனால் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

தண்ணீர் சொட்டும் சத்தம் பின்சீட்டில் இருந்த எவேலியோவுக்குக் கேட்டுவிட்டது.

"கொதிக்கற பம்புக்குத்தான் ஈரத்துணி, கிழவி. ராத்திரியெல்லாம் பனில கெடந்ததுக்கு எதுக்கு?"

முப்பது வருடம் இதே காரில் ஆள் ஏற்றியவன். சர்க்கரை முதலில் கண்ணைப் பறித்தது, அப்புறம் சிறுநீரகத்தை. காதும் மூக்கும்தான் மிச்சம்.

பிளக் வயரை இரும்புக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னான். நீலமாகப் பொறி பறந்தது என்றாள். அப்படியென்றால் மின்சாரத்தில் குறையில்லை. பிளக்கைக் கழற்றித் தரச் சொன்னான். நனைந்திருந்தது. எரிபொருளும் வருகிறது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"பாதி மண்ணெண்ணெய். எஞ்சின் சூடாயிருந்தா ஓடும். குளிர்ல பத்திக்காது. வித்தவன் நல்லா ஏமாத்தியிருக்கான்."

ஆமாம் என்றால் போதும். அவள் சொல்லவில்லை.

"விக்கறவன் கலக்கல, கிழவா. நான்தான் கலந்தேன்."

புரதம் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்று வாரமாக அவன் சாப்பிட்ட முட்டையெல்லாம் பக்கத்து வீட்டு ஒதாலிஸ் சும்மா கொடுத்ததல்ல. முட்டைக்கு ஈடாகக் காரின் பெட்ரோலைக் கொடுத்துவிட்டு, அந்த அளவுக்கு டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றி வந்தாள் நெரேய்தா. குளிரில் கிளப்புவதற்கென்று சீட்டடியில் வைத்திருந்த சின்ன பாட்டில் சுத்த பெட்ரோலும் போன வாரம் அப்படித்தான் போயிற்று.

அவன் திட்டவில்லை. பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு வெந்நீர் வைக்கச் சொன்னான்.

கரியடுப்பு பற்றவே கால்மணி நேரமாயிற்று. கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குள் போகும் குழாயின்மேல் சுடுதுணியைச் சுற்றினாள், ஆறினதும் மாற்றினாள். மூன்றாவது துணியில் எஞ்சின் ஒரு தரம் இருமியது. நான்காவதில் கரும்புகை கக்கிக்கொண்டு பிடித்தது.

போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். இடம் போயிருந்தது. மத்தியானம் வரை நடைபாதையில் உட்கார வைத்து, நாலு மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வெளியே வரும்போது அவன் கால் வீக்கம் அப்படியே இருந்தது. செருப்பு நுழையவில்லை.

அடுத்த முறை வெள்ளிக்கிழமை. காரில் ஏறியதும் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை முட்டை வேண்டாம்."

சரி என்றாள். சமையலறைக் கூடையில் இன்னும் நாலு முட்டை இருந்தன. வெள்ளிக்கிழமைக்கான பெட்ரோல் ஏற்கெனவே அந்த முட்டைகளாகியிருந்தது.